நீக்குவதற்காக நியமிக்கப்பட்டவர்கள்

கணவனும் மனைவியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தால் ஒருவரை ஒருவர் அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அது ஆலோசனைக் கம்பெனியாக இல்லாதவரை அந்த நம்பிக்கையில் தவறில்லை.

நம்முடைய ஆலோசகரும் அவர் மனைவியும் அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். ஆலோசனைக் கம்பெனி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு ஆபீஸ் சரியாக நடக்கவில்லை என்பது அந்த ஆபீஸில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஏன் நடக்கவில்லை என்பதும் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவர் அதைச் சொன்னால் புலம்பல். வெளியிலிருந்து கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் அதையே நாலு கட்டத்துக்குள் எழுதி, கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறி போட்டுக் காட்டினால் அது ஆலோசனை. புலம்பலுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஆலோசனைக்குத் தாராளமாகத் தருகிறார்கள்.

இந்த வேலையில் நன்மைகள் ஏராளம். உறவுக்காரர்கள் நடுவே மரியாதை உண்டு. போகிற இடமெல்லாம் குளுகுளு அறை, கேட்காமலே டீ. எந்த ஆபீஸுக்குப் போனாலும் அங்கே நடந்த தப்புக்கு நாம் பொறுப்பில்லை. நாம் சொன்ன ஆலோசனை தப்பாகப் போனாலும் பொறுப்பில்லை, ஏனென்றால் அது வெளியே தெரிவதற்குள் வேறு ஆபீஸில் உட்கார்ந்து வேறு கட்டம் போட்டுக்கொண்டிருப்போம்.

தீமை என்று பார்த்தால் முதலாவது, ரகசியம். கம்பெனியில் அதற்குச் ‘சுவர்’ என்று பெயர். எந்த ஆபீஸுக்குப் போகிறோம், அங்கே என்ன செய்கிறோம் என்று ஒரு ஈ காக்கையிடம்கூட மூச்சு விடக் கூடாது. பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லக் கூடாது, வீட்டில் சொல்லக் கூடாது. வெளி ஆபீஸில் கம்பெனி ஆளைக் கம்பெனி ஆள் பார்க்க நேர்ந்தால் தெரிந்த முகமாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. வேலைக்குச் சேரும்போதே இதற்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மனைவி மூத்த ஆலோசகர் என்பதால் அவரிடம் இரண்டு கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஆகவே காலையில் இருவரும் ஒரே வாசலில் இறங்கி, ஒருவர் இடது பக்கமும் ஒருவர் வலது பக்கமும் போவார்கள். எங்கே என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். வீட்டில் சமையலையும் கடைக்குப் போவதையும் மனைவியின் அப்பா பார்த்துக்கொண்டார். போஸ்ட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். “உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் என்ன வேலை பாக்குறாங்க?” என்று யாராவது கேட்டால், “தெரியாதுங்க. ஆனா ரெண்டு பேரும் இஸ்திரி போட்ட சட்டையோடதான் போறாங்க. அதனால கெட்ட வேலையா இருக்காது” என்பார்.

இரண்டாவது தீமை, ‘மேலே ஏறு, இல்லாவிட்டால் வெளியே போ’ என்கிற விதி. குறிப்பிட்ட காலத்துக்குள் புரொமோஷன் வாங்காதவரைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. மனைவி எப்போதோ ஏறிவிட்டார். நம் ஆலோசகர் ஏறவில்லை. அவருக்கு இதுதான் கடைசி வருடம்.

கம்பெனியின் பார்ட்னர் ஒருநாள் அவரைக் கூப்பிட்டார். பார்ட்னர் என்றால் ஆலோசனை சொல்வதிலிருந்தும் விடுதலை பெற்று, ஆலோசனை சொல்பவர்களைப் பார்த்துத் தலையாட்டும் நிலைக்கு உயர்ந்தவர்.

“உங்களுக்கு இது கடைசி சான்ஸ். எடை அளவு முத்திரை ஆபீஸ். அங்க யாரெல்லாம் மிகை ஊழியர், அதாவது தேவைக்கு மேல இருக்குற ஆளுன்னு கண்டுபிடிக்கணும்.”

“எத்தனை பேர் மிகைன்னு எப்படி சார் முடிவு பண்றது?”

“கிளையன்ட் எத்தனை பேர்னு நினைக்கிறாரோ, அத்தனை பேர்.”

“அவர் எத்தனை பேர்னு நினைக்கிறாரு?”

“அதக் கண்டுபிடிக்கிறதுக்குப் பேருதான் ஆய்வு” என்றார் பார்ட்னர்.

எடை அளவு முத்திரை அலுவலகத்தின் வேலை சின்ன வேலை. கடைக்காரர்கள் தங்கள் தராசையும் எடைக்கல்லையும் கொண்டுவருவார்கள். கண்ணாடி அலமாரியில் இருக்கும் அரசாங்க எடைக்கல்லோடு அதை ஒப்பிட்டு, சரியாக இருந்தால் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. முத்திரை விழுந்துவிடும். கடைக்காரர் வீட்டுக்குப் போகலாம்.

ஆலோசகர் போனபோது அலமாரி பூட்டியிருந்தது. வாசலில் ஒரு போர்டு: ‘சீர்திருத்தம் நடைபெறுவதால் முத்திரைப் பணி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. பொறுத்தருள்க.’ போர்டுக்குக் கீழே நீளமான பெஞ்சில் கடைக்காரர்கள் தராசை மடியில் வைத்துக்கொண்டு, கையில் டோக்கனோடு, பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. இவர்களுக்காகவாவது இந்த ஆபீஸைச் சீர்திருத்தியே தீருவது என்று ஆலோசகர் மனசுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். மாடிப்படிக்குப் பின்னால், உடைந்த தராசுகள் கிடக்கும் அறையில் அவருக்கு ஒரு மேஜை கொடுத்தார்கள்.

முதல் பேட்டி தலைமை எழுத்தருடன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிற மனிதர்.

“காலைல ஆபீஸ் வந்ததும் என்ன வேலை பண்றீங்க?”

“உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன் சார்.”

“இல்ல, நான் வர்றதுக்கு முன்னாடி?”

“மேல் மாடி அம்மா கேள்விக்குப் பதில் சொன்னேன்.”

“மேல் மாடி அம்மாவா? யாரு அவங்க?”

“தெரியாது சார். கோட்டுப் போட்டுக்கிட்டு வந்தாங்க. யாருன்னு கேட்டா ரகசியம்னாங்க. பெரிய ஆபீஸர் போலன்னு பேசாம விட்டுட்டோம்.” தலைமை எழுத்தர் கண்ணாடியைத் துடைத்தார். “உங்களையும் அப்படித்தான் விட்டிருக்கோம்.”

ஆலோசகருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரென்று யாருக்கும் தெரியாத, வேலை என்னவென்று யாராலும் சொல்ல முடியாத ஒரு ஊழியர்! வந்த அன்றைக்கே மிகை ஆள் சிக்கிவிட்டது. படியை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஓடினார். கதவைத் தட்டித் திறந்தார்.

உள்ளே அவர் மனைவி கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். அலுவலகத்தின் இயக்குநரிடம் இரண்டு தலைப்புகளில் நிதி ஒதுக்கீடு இருந்தது. ஒன்று ‘செலவுக் குறைப்பு’, இன்னொன்று ‘பணித்திறன் உயர்வு’. இரண்டையும் செலவு செய்தே ஆக வேண்டும். ஆகவே ஒரே கம்பெனியிடம் இரண்டு ஆலோசகர்களை இரண்டு தனித்தனி வேலைகளுக்குக் கேட்டிருந்தார். கம்பெனியும் தன் விதிப்படி, ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்லாமல் அனுப்பி வைத்தது.

கணவனும் மனைவியும் ஒரு கணம் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டார்கள். மேஜைக்கு நடுவே சுவர் நின்றது.

“மன்னிக்கணும் மேடம், ரூம் மாறி வந்துட்டேன்” என்றார் கணவன்.

“பரவாயில்ல சார், உட்காருங்க. இந்த ஆபீஸ்ல எல்லாரையும் பேட்டி எடுத்துட்டேன். உங்களத்தான் எடுக்கல.”

ஆலோசகர் உட்கார்ந்தார். மனைவிக்கு எதிரே இப்படி நிதானமாக உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மனசுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“இங்க நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல மேடம்.”

மனைவி எழுதிக்கொண்டார். “உங்க மேலதிகாரி யாரு?”

“அதுவும் சொல்லக் கூடாது.”

“இன்னிக்கு என்ன வேலை செஞ்சீங்க?”

“மத்தவங்க என்ன வேலை செய்றாங்கன்னு கேட்டேன்.”

“நீங்க வராமப் போனா இங்க எந்த வேலை நிக்கும்?”

ஆலோசகர் யோசித்தார். அடிப்படையில் அவர் நேர்மையானவர். “ஒண்ணும் நிக்காது மேடம்” என்றார்.

மனைவியின் பேனா நின்றது. தலை நிமிராமல், “ஒழுங்காத் தூங்குறீங்களா? கண்ணு சிவந்திருக்கு” என்று கேட்டார்.

“இந்தக் கேள்வி உங்க பட்டியல்ல இருக்கா மேடம்?”

“ஊழியர் நலன். கடைசிக் கேள்வி.”

“வீட்டுல ஒருத்தங்க விடியறதுக்கு முன்னாடியே அலாரம் வெச்சு எழுந்துடுறாங்க மேடம். அந்தச் சத்தத்துல முழிச்சிடுறேன்.”

அதையும் மனைவி எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிக் கும்பிட்டு அனுப்பி வைத்தார். கீழே வந்த ஆலோசகர் தன் பங்குக்கு, ‘மேல் மாடியில் ஒருவர். பணி தெளிவில்லை. பிறரைக் கேள்வி கேட்கிறார்’ என்று கணினியில் ஏற்றினார். ஏற்றாமல் விட்டால் ஆய்வு பொய்யாகும். ஆய்வு பொய்யானால் புரொமோஷன் இல்லை.

மறுநாள் காலை வீட்டில் இருவரும் வாஷ்பேசினுக்கு முன்னால் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். மாமனார் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்” என்று மனைவி ஆரம்பித்தார். “ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு. அவருக்கு வேலையே இல்ல. இதத் தெரிஞ்சும் எழுதாம விட்டா அது நேர்மையா?”

“அப்படி ஒரு ஆபீஸ் இருக்கா?”

“இருக்குன்னு சொல்ல முடியாது.”

“அவரு குடும்பஸ்தரா?”

“ஆமா. நல்ல குடும்பம். வீட்டுக்காரம்மாதான் கொஞ்சம் கறாரு.”

“சரி, நானும் ஒரு பேச்சுக்குச் சொல்றேன்” என்றார் ஆலோசகர், வாயில் நுரையோடு. “வேற ஒரு ஆபீஸ்ல மாடி ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க. அவங்களுக்கும் வேலை இல்ல. ஆனா அந்த அம்மா மேல ஒருத்தருக்கு ரொம்பப் பிரியம். அவரு என்ன எழுதணும்?”

“உள்ளத உள்ளபடி எழுதணும்” என்றார் மனைவி. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமனார் டம்ளரை டக்கென்று வைத்தார். “என்னப்பா இது, யாரு அந்த ஆளு, யாரு அந்த அம்மா? காலங்காத்தால ரெண்டு பேரும் அவங்களுக்காக இப்படிக் கண் கலங்குறீங்க. பேசாம அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சுட்டா பிரச்சினை தீந்துடாதா?”

பதில் சொல்ல இருவருக்கும் அனுமதி இல்லை. டீயைக் குடித்துவிட்டு ஒருவர் இடது பக்கமும் ஒருவர் வலது பக்கமும் கிளம்பினார்கள். இரண்டு பேரும் தெருவைச் சுற்றிக்கொண்டு ஒரே ஆபீஸுக்குத்தான் போனார்கள்.

இரண்டு அறிக்கைகளும் தயாராகி பார்ட்னரிடம் போயின. மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் ஆண் மிகை என்று மனைவியின் அறிக்கை சொன்னது. மாடி அறையில் இருக்கும் பெண் மிகை என்று கணவனின் அறிக்கை சொன்னது. மற்ற ஊழியர்கள் எல்லோரும் ஆலோசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பணியில் முழு மூச்சாக ஈடுபட்டிருந்ததால் அவர்கள் யாரும் மிகை இல்லை என்று இரண்டுமே ஒப்புக்கொண்டன. பார்ட்னர் ஒரு அறிக்கையைக் காலையிலும் இன்னொன்றைச் சாப்பாட்டுக்குப் பிறகும் படித்தார். காலையில் படித்ததை மதியம் நினைத்துப் பார்ப்பது விதிமீறல் என்பதால் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்தார்.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. தன் ஆட்கள் ஒருவர் மேலும் கை வைக்காமல் ஆள் குறைப்பு! இப்படி ஒரு சீர்திருத்தத்தை எந்த இலாகாவும் கண்டதில்லை. “இன்னிக்கே ரெண்டு பேரையும் நீக்கி உத்தரவு போடுங்க” என்றார்.

தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “போட முடியாதுங்களே ஐயா.”

“ஏன்?”

“பணி நீக்க உத்தரவுல நியமன ஆணை எண்ணு குறிப்பிடணும். இவங்களுக்கு நியமனமே ஆகலையே. நியமிக்காத ஆளை எப்படி நீக்குறது?”

“அப்ப என்னதான் வழி?”

“முதல்ல நியமிக்கணும். அப்புறம் நீக்கலாம்.”

இயக்குநர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விதியில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. மேற்படி இருவரையும் உடனடியாக நீக்கும் பொருட்டு நிரந்தரப் பணியில் நியமித்து ஆணை பிறப்பித்தார்.

ஆலோசகர் பார்ட்னரிடம் ஓடினார். “சார், என்னை அங்க ஊழியராப் போட்டுட்டாங்க! நான் நம்ம கம்பெனி ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

“எப்படிச் சொல்றது? ரகசியம் இருக்கே” என்றார் பார்ட்னர். பிறகு அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, “நம்ம கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து எத்தனையோ அறிக்கை குடுத்திருக்கோம். ஒண்ணாவது அமலுக்கு வந்திருக்கா? இதுதான் முதல் தடவை. நடுவுல பூந்து கெடுத்துடாதீங்க” என்றார். “அதோட, இந்த வருஷம் உங்களுக்கு புரொமோஷன் வரல. அதனால நீங்க எப்படியும் வெளிய போகணும். போறதுக்கு ஒரு இடம் கெடைச்சிருக்கு, சந்தோஷமாப் போங்க.”

“என் மனைவி?”

“யாரு?” என்றார் பார்ட்னர். விதியை அவர் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தார்.

இப்படியாக இருவருக்கும் கம்பெனி வேலை போனது. இனி ஆலோசகருக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே வேலை, அவரை நீக்குவதற்காகக் கொடுக்கப்பட்ட வேலைதான். அந்த நீக்கமும் சும்மா நடந்துவிடாது. நோட்டீஸ் வர வேண்டும், விளக்கம் தர வேண்டும், விசாரணை நடக்க வேண்டும். அதுவரைக்கும் இருவருக்கும் ஒரே அறையில் இரண்டு நாற்காலி. காலையில் ஆபீஸ் திறந்தால் போக வேண்டும், சாயங்காலம் மூடினால் வீட்டுக்கு வர வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போகலாம் என்பது ஆலோசகருக்குப் புது அனுபவம். ஒரே பஸ்ஸில் போனார்கள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் மனைவி மெல்லிய குரலில் பாடுவார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அதைக் கேட்காமல் போனோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் மாமனாரோடு மூன்று பேருமாக உட்கார்ந்து அரட்டை. எதை வேண்டுமானாலும் பேசலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

“இந்த வேலை போயிடக் கூடாது” என்றார் ஆலோசகர் ஒருநாள் பஸ்ஸில்.

“எனக்கும் அதான் பயமா இருக்கு” என்றார் மனைவி.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நோட்டீஸ் வந்துவிட்டது. குற்றச்சாட்டு: ‘பணி எதுவும் செய்யவில்லை.’ அதை மறுக்க இருவரிடமும் ஒரு ஆதாரமும் இல்லை. ஆனால் நோட்டீஸைக் கொண்டுவந்த தலைமை எழுத்தர் அவர்களைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார்.

“சார், மேடம், உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். ஏதாவது வேலை செய்யுங்க.”

“ஏன், என்ன ஆச்சு?”

“வேலை செய்யலைங்கிறதுக்காக உங்கள நீக்கிட்டாங்கன்னு வெச்சுக்குங்க, அது ஒரு முன்னுதாரணம் ஆயிடும். அப்புறம் இந்த ஆபீஸ்ல ஒரு நாற்காலி மிஞ்சாது. எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு சார்.”

“செய்யலாம். என்ன வேலை செய்றது?”

தலைமை எழுத்தர் ஆழ்ந்து யோசித்தார். கடைசியில் எங்கிருந்தோ ஒரு சாவியைத் தேடி எடுத்து, கண்ணாடி அலமாரியைத் திறந்தார். அரசாங்க எடைக்கற்களைத் தூசி தட்டி மேஜையில் அடுக்கினார். அச்சையும் சுத்தியலையும் ஆலோசகர் கையில் கொடுத்தார்.

அதுவரை ஆலோசகர் வாழ்க்கையில் எத்தனையோ அம்புக்குறி போட்டிருக்கிறார். ஒன்றும் போய்ச் சேர்ந்ததில்லை. இப்போது சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பித்தளையில் முத்திரை பளிச்சென்று விழுகிறது. உடைந்த தராசுகளில் தட்டிப் பார்த்த இரண்டு நாள் பழக்கத்திலேயே கை பதம் வந்துவிட்டது. மனைவி எடைக்கல்லை வைத்து ஒப்பிட வேண்டியது, கணவன் தட்ட வேண்டியது. இந்த ஜோடியைப் பார்த்தால் பெஞ்சில் இருப்பவர்கள் வாழ்த்துவார்கள் என்று ஆலோசகர் நினைத்தார். சந்தோஷமாக முதல் டோக்கனைக் கூப்பிட்டார்.

முதல் டோக்கன் ஒரு வெங்காயக் கடைக்காரர். கடைக்காரர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். எழுந்திருக்கவே இல்லை.

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லைங்க. பாவம், எனக்கு அடுத்தவரு ரொம்ப நாளாக் காத்திருக்காரு. அவருத மொதல்ல பாருங்க.”

அடுத்தவர் பதறிப்போனார். “ஐயையோ, வயசுல பெரியவர முந்தலாமா? மரியாதை இல்லைங்க. நான் எவ்வளவு நாள் வேணும்னாலும் உட்காருவேன்.”

பெஞ்சு முழுக்க ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டார்கள். இவ்வளவு நாகரிகமான வரிசையை ஆலோசகர் எங்கேயும் பார்த்ததில்லை. அவரே எழுந்து போய் வெங்காயக் கடைக்காரர் மடியிலிருந்து தராசை வாங்கிவந்தார். மனைவி கவிழ்த்துப் பார்த்தார். தட்டுக்கு அடியில் ஒரு காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிலோ கல்லைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பக்கம் குடைந்து, மேலே மெழுகு பூசியிருந்தது.

“என்னங்க இது?”

வெங்காயக் கடைக்காரர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. பொறுமையாகவே விளக்கினார். “மேடம், டோக்கன் கையில இருந்தா முத்திரை இருக்குற மாதிரிதான்னு உங்க விதியே சொல்லுது. யாரும் அபராதம் போட முடியாது. சீர்திருத்தம் ஆரம்பிச்சதுலேருந்து நாங்க இந்த டோக்கன வெச்சுத்தான் நிம்மதியா வியாபாரம் பண்ணிட்டிருக்கோம். நல்லாப் போயிட்டிருக்குறத ஏன் கெடுக்குறீங்க?”

“அப்ப இவ்வளவு நாளா இங்க உட்கார்ந்து பெருமூச்சு விட்டதெல்லாம்?”

“சும்மா உட்கார்ந்தா நல்லா இருக்காதுல்ல சார்” என்றார் அவர்.

இருவரும் விடவில்லை. விட்டால் வேலை போய்விடும். காந்தங்களைப் பிடுங்கினார்கள், குடைந்த கல்லையெல்லாம் உருக்கக் கொடுத்தார்கள், மாற்றிக்கொண்டு வந்ததும் முத்திரை போட்டார்கள். பெஞ்சு காலியானது. அந்த வட்டாரத்துக் கடைகளில் ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ இருக்கத் தொடங்கியது.

இந்த அநியாயத்தை ஜனங்கள் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வார்கள்? இயக்குநருக்கு மனு போனது. தலைமை எழுத்தர் முகம் தொங்கிப்போய் வந்தார்.

“சார், பழைய குற்றச்சாட்ட எடுத்துட்டாங்க.”

“அப்பாடா!”

“புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க. நீங்க வேலை செஞ்சதா.”

“வேலை செஞ்சது குத்தமா?”

“முத்திரைப் பணி நிறுத்திவைக்கப்பட்டிருக்குன்னு வாசல்ல போர்டு தொங்குது சார். அத எடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடல. போர்டு தொங்கும்போது வேலை செஞ்சா அது ஒழுங்கீனம்.” கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். “என்னை மன்னிச்சிடுங்க. ஆனா இது எங்களுக்குப் பாதகம் இல்லாத முன்னுதாரணம்.”

விசாரணை இயக்குநர் தலைமையில் பெரிய ஹாலில் நடந்தது. ஒரு பக்கம் கடைக்காரர்கள். இன்னொரு பக்கம் கடைகளில் சாமான் வாங்கும் ஜனங்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஆலோசகருக்குத் தைரியம் வந்தது. சரியான எடை யாருக்கு லாபம்? இவர்களுக்குத்தானே? இவர்கள் தன்னைக் கைவிட மாட்டார்கள்.

“உங்க தரப்புல சாட்சி யாராவது உண்டா?” என்று இயக்குநர் கேட்டார்.

“உண்டு ஐயா. தினமும் கடைக்குப் போய் வர்றவரு. பொய் பேசிப் பழக்கமில்லாதவரு” என்று சொல்லி ஆலோசகர் தன் மாமனாரைக் காட்டினார்.

மாமனார் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“உங்க மாப்பிள்ளையும் மகளும் முத்திரை போட ஆரம்பிச்ச பிறகு கடையில எடை சரியா இருக்கா?”

“ரொம்பச் சரியா இருக்குங்க. ஒரு பொட்டு குறையறதில்ல.”

ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதுல வந்த கஷ்டம்தாங்க இவ்வளவும்” என்று மாமனார் தொடர்ந்தார். “முன்னாடி கடைக்காரர் ஒரு கிலோன்னு சொல்லி முக்கால் கிலோ போடுவாரு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விலை மலிவா இருந்துச்சு. கொசுறா ரெண்டு போட்டு, ‘வாங்க ஐயா’ன்னு மரியாதையாப் பேசுவாரு. வீட்டுல மூணு பேருக்கு முக்கால் கிலோவே தாராளம். இப்ப முழுசா ஒரு கிலோ போடுறாரு. விலையக் கேட்டாத் தலை சுத்துது. கொசுறு கேட்டா, ‘உங்க மாப்பிள்ளகிட்ட வாங்கிக்குங்க’ங்குறாரு. கூடுதலா வர்ற கால் கிலோவும் அழுகித்தான் போகுது.” ஆலோசகர் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ள, நீங்க தங்கமான மனுஷன். ஆனா உங்களால ஒருத்தர்கூட நிம்மதியாக் கடைக்குப் போய் வர முடியலையே.”

ஜனங்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எல்லாத் தலையும் ஆமாம் ஆமாம் என்று ஆடியது. ஆலோசகர் மனைவியைப் பார்த்தார்.

“அப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க” என்று மனைவி மெதுவாகச் சொன்னார். மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தீர்ப்பு எழுத இயக்குநருக்கு நேரம் ஆகவில்லை. அவரும் குடும்பத்துக்குச் சாமான் வாங்குகிறவர்தான். இருவரையும் பணியிலிருந்து நீக்கி, அலமாரியைப் பூட்டி, போர்டை மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்து மாட்ட உத்தரவிட்டார்.

நீக்கப்பட்டாலும் விதிப்படி அவர்கள் நிரந்தர ஊழியர்கள். ஆகவே பிரிவு உபசார விழா எடுத்தே ஆக வேண்டும். மறுநாள் அதே ஹாலில் விழா நடந்தது. கடைக்காரர்களும் ஜனங்களும் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். ஆலோசகருக்கும் மனைவிக்கும் மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். வெங்காயக் கடைக்காரர் மைக்கைப் பிடித்தார்.

“இவ்வளவு நேர்மையான அதிகாரிகள நாங்க இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல” என்றார்.

ஹாலில் மரியாதைக்கு நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

“இனிமேலும் பார்க்கப் போறதில்ல!”

கூரை அதிர்ந்தது. கடைக்காரர்களும் ஜனங்களும் இயக்குநரும் தலைமை எழுத்தரும் எழுந்து நின்று தட்டினார்கள். முதல் வரிசையில் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.